போதை யாருக்கு? ஆதாயம் யாருக்கு?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கித் தெற்கே செல்லும் பழைய சாலையில், செம்மஞ்சேரியைக் கடந்தால் நாவலூர். ஏரிப் பாசனத்தை நம்பி உழவர் வாழ்ந்த சிற்றூராக இருந்த அந்த இடத்தில், இன்று வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. சாலைக்கு ‘ராஜீவ் காந்தி சாலை’ என்று பெயர் சூட்டப்பட்டு விட்டது. அடுத்த ஊரான சிறுசேரியில் சிப்காட் வளாகம். அதில் கணினித் தொழில் செய்யும் பெரு நிறுவனங்கள். சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். மாளிகைகளை எழுப்ப ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், அவற்றின் நிழலிலேயே தகரக் கொட்டகைகளில் முடங்கிக் கிடக்கிறார்கள்.

ஒரே சாலையில் மூன்று தட்டு மக்கள். மேல் தட்டில், இரவும் பகலும் கணினித் திரையின் முன் கண் பூத்துக் கிடக்கும் இளைஞர். நடுவே, பெற்றோர் நிலத்தை விற்றுக் கட்டிய பணத்தில் படிக்கும் மாணவர். அடியில், செங்கல் சுமக்கும் சித்தாளும் கம்பி கட்டும் கூலியாளும். இவர்கள் ஒரு மேசையில் அமர்ந்து உண்பதில்லை. ஒரு மொழியில் பேசுவதுமில்லை. ஆனால், இந்த மூவரையும் தேடி வரும் வணிகன் ஒருவன் உண்டு. முதலாமவனுக்கு விடுதியில் விலையுயர்ந்த சாராயம். இரண்டாமவனுக்குக் கஞ்சாப் பொட்டலமும் வலி மாத்திரையும். மூன்றாமவனுக்கு உதட்டுக்குள் ஒடுக்கும் புகையிலைத் தூளும், சந்துக்கடைக் கால் குப்பியும். ஆளுக்கு ஏற்ற சரக்கு, கைக்கு ஏற்ற விலை! சமத்துவம் என்ற சொல்லை நாம் மேடைகளில் முழங்கிக் கொண்டிருக்கையில், போதை வணிகன் அதைத் தன் வழியில் நிறைவேற்றிக் கொண்டிருக்கிறான்.

இதை நாவலூரின் இழிவென்று எண்ணிவிட வேண்டாம். பணம் புரளும் இடமெங்கும் இதுதான் நிலை. ஆயினும் செங்கற்பட்டுச் சீமையும் மாமல்லைக் கடற்கரையும் அண்மை ஆண்டுகளில் கண்டவற்றை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூன் மாதம் மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டுக் கரையில், சீன எழுத்துப் பொறித்த தேயிலைப் பொட்டலங்கள் அடங்கிய தகர டப்பா ஒதுங்கிற்று. உள்ளே இருந்தது தேயிலை அன்று; மெத்தாம்பெட்டமைன் எனும் கொடிய போதைப்பொருள். 2023 மே மாதம் இதே செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் சிற்றூரிலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஆகஸ்டு இறுதியில், பொத்தேரியில் மாணவர்கள் தங்கியிருந்த அடுக்குமாடி வீடுகளை ஏறத்தாழ ஆயிரம் போலீசார் விடியற்காலையில் முற்றுகையிட்டுச் சோதனை செய்தனர். கஞ்சா கைப்பற்றப்பட்டது, மாணவர்கள் கைதாயினர். கடலோரம், சிற்றூர், கல்லூரி வாசல் என்று மூன்று இடங்களிலும் நச்சு நுழைந்துவிட்டது. இனியும் ‘நம் ஊரில் இல்லை’ என்று சொல்ல எவருக்கு நாவெழும்?

நஞ்சின் முகங்கள்

போதையை எதிர்க்க வேண்டுமாயின் அதன் முகத்தை அறிந்திருக்க வேண்டும். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று குப்பியின் மீதே அச்சிட்டு விற்ற நாட்டில், வெறும் எச்சரிக்கையால் பயனில்லை.

முதலாவது மது. பழக்கத்தால் மதிப்புப் பெற்ற நஞ்சு இது. ஈரலைக் கரைக்கிறது, வயிற்றைப் புண்ணாக்குகிறது, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 1988-லேயே வகைப்படுத்தியது. ‘இந்த அளவுவரை தீங்கில்லை’ என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. ‘அளவோடு குடித்தால் அமுதம்’ என்பார் இதற்கு விடை கூறட்டும்.

இரண்டாவது புகையிலை. பீடி, சிகரெட்டு, குட்கா, உதட்டடியில் ஒடுக்கும் பொட்டலம் என்று பல வேடம். உள்ளே இருப்பது நிக்கோட்டின் என்ற ஒரே சூத்திரதாரி. பசியை மறக்கடிப்பதால் உழைப்பாளி இதை நாடுகிறான். கூலி குறைவாகக் கொடுப்பவனுக்கு இதைவிட உற்ற தோழன் வேறு யார்? வாயில் புற்று தோன்றும் நாளில் முதலாளி அருகில் இரான், வேலையும் இராது.

மூன்றாவது கஞ்சா. ‘செடிதானே, இயற்கைதானே’ என்று மாணவனுக்கு ஓதப்படுகிறது. எருக்கும் அரளியும்கூடச் செடிகள்தாம்! வளரும் பருவத்து மூளையை இது தாக்குகிறது, நினைவாற்றலைக் குலைக்கிறது, இளம் வயதில் மிகுதியாகப் புகைப்போர்க்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பை உயர்த்துகிறது.

நான்காவது, பெற்றோர் பலர் அறியாதது: வலி மாத்திரை. அபினின் உறவான டிரமடால், டாபென்டடால் போன்றவை, அறுவைச் சிகிச்சையும் கடும் நோவும் கண்டவர்க்கு மருத்துவர் அளந்து கொடுப்பவை. இவற்றைச் சீட்டின்றி வாங்கி, பொடித்து நீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர் நம் நகரங்களில் இருக்கின்றனர். மாத்திரை நரம்பில் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதன் துகள் குழாயை அடைக்கும், கை அழுகும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எய்ட்சுக் கிருமியும் ஈரல் அழற்சிக் கிருமியும் கூடவே ஏறும். அளவு மிஞ்சினால் மூச்சு தானாக அடங்கும். உறங்குகிறான் என்று நண்பர்கள் நினைத்திருக்கையில் அவன் இறந்துகொண்டிருப்பான்.

ஐந்தாவது, கரை ஒதுங்கிய அந்த மெத்தாம்பெட்டமைன். உறக்கத்தைக் கொன்று ஊக்கம் தருவதாகப் போக்குக் காட்டும், பின்பு சந்தேகப் பேயாகவும் வெறியாகவும் மாறி ஆளையே தின்னும், இதயத்தைத் திணறடிக்கும்.

ஆறாவது கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால். இது குடிப்பதற்கான பொருளே அன்று. வண்ணச்சாயத்துக்கும் வேதித் தொழிலுக்கும் உரிய எரிசாராயம். வயிற்றுக்குள் சென்றதும் ஈரல் இதை ஃபார்மால்டிஹைடாகவும், பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. முதல் சில மணி நேரம் சாதாரண மயக்கம் போலவே இருக்கும். பிறகு வயிற்று வலி, வாந்தி, கண் முன் பனி படர்ந்தது போன்ற மங்கல், பார்வை இழப்பு, மரணம். மாற்று மருந்து உண்டு. உடனே மருத்துவமனை சேர்ந்தால் பிழைப்போர் உண்டு. ‘போலீசு வரும், பெயர் கெடும்’ என்று வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்களைத்தான் அது கொண்டுபோயிற்று.

‘ஒழுக்கக்கேடு’ என்ற வாதம்

“இதெல்லாம் அவரவர் ஒழுக்கக்கேடு, மனக் கட்டுப்பாடு இல்லாதவன் அழிகிறான், அரசு என்ன செய்யும்?” என்று கேட்போர் உண்டு. நன்கு உண்டு, நன்கு உடுத்தி, நல்ல மதுவை நல்ல குவளையில் அருந்தியபடியே இப்படிக் கேட்போரும் உண்டு.

முதல் வாய் குடிப்பது அவன் விருப்பம் என்றே கொள்வோம். நூறாவது வாயும் அவன் விருப்பமா? மூளையில், உணவும் உறவும் தரும் நிறைவை உணர்த்துவதற்கென்று ஒரு பகுதி உண்டு. போதைப்பொருள் அங்கே டோபமீன் என்னும் சுரப்பைப் பெருக்கெடுக்கச் செய்கிறது. மீண்டும் மீண்டும் பெருக்கெடுத்தால், மூளை தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தன் உணர்ச்சியைக் குறைத்துக் கொள்கிறது. அதன்பின், பழைய அளவு போதவில்லை. குழந்தையின் சிரிப்பும் சோற்றின் சுவையும் மனத்தில் பதிவதில்லை. நிறுத்தினாலோ உடல் நடுங்குகிறது. இன்பத்துக்காகத் தொட்டவன், துன்பத்திலிருந்து தப்புவதற்காகத் தொடர்கிறான். இதற்கு மருத்துவம் இட்ட பெயர் நோய். நீரிழிவுக்காரனை ஒழுக்கக்கேடன் என்று எவரேனும் ஏசுவதுண்டா?

நோய் என்றால் சிகிச்சை எங்கே? மைய அரசின் சமூக நீதித் துறைக்காக, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தி 2019-இல் வெளியிட்டது. நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர்; அவருள் 5.7 கோடிப் பேர் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். மதுவுக்கு அடிமையானவர் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிட்டியிருக்கிறது என்றது அந்த அறிக்கை. மற்ற 37 பேரும் எங்கே போனார்கள்? மந்திரவாதியிடம் சென்றார்கள், கயிறு கட்டிக் கொண்டார்கள், உரிமமில்லா ‘மறுவாழ்வு இல்லங்களில்’ அடிபட்டார்கள், அல்லது எங்கும் செல்லாமலே செத்தார்கள். கட்டிப் போடுவதைச் சிகிச்சையென எண்ணும் அறியாமை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை, 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனநோயாளர் 28 பேர் தீயில் வெந்தபோது தமிழகம் கண்டது. முறையான சிகிச்சையால் மனிதன் மீள்வான் என்பதையும் தமிழகம் கண்டிருக்கிறது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிலையம் அதற்குச் சான்று. வழி இருக்கிறது, அது ஏழையின் வாசல்வரை போடப்படவில்லை.

‘வருவாய்’ என்ற வாதம்

“மதுவை நிறுத்தினால் கஜானா காலியாகும், மக்கள் நலத் திட்டங்கள் நின்றுவிடும்” என்பது அடுத்த வாதம். ஆட்சியாளர் எக்கட்சியினராயினும் நாவில் தயாராக வைத்திருக்கும் வாதம் இது. இதன் பிறப்பிடம் எது தெரியுமா? வெள்ளையர் ஆட்சியின் ஆபுகாரி இலாகா!

1773-இல் வங்கத்து அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. நம் உழவனின் நிலத்தில் கசகசாச் செடியைப் பயிராக்கி, அபினைச் சீனத்தில் இறக்கியது. வேண்டாம் என்று சீனம் தடுத்தபோது, பீரங்கி கொண்டு 1839 முதல் 1842 வரையிலும், மீண்டும் 1856 முதல் 1860 வரையிலும் போர் தொடுத்தது பிரிட்டன். ஒரு நாட்டு மக்களைப் போதையில் ஆழ்த்தும் உரிமைக்காக நடந்த போர்! அன்றும் சொல்லப்பட்ட காரணம் ‘வருவாய்’தான். சென்னை மாகாணத்திலோ, 1886-ஆம் ஆண்டின் ஆபுகாரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் சர்க்காரின் பணப்பையாக்கியது.

அந்தப் பையை மூடச் சொல்லித்தான் நம் முன்னோர் போராடினர். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மாளும் தலைமை தாங்கினர். பெண்கள் வீதிக்கு வருவதே அரிதாயிருந்த காலம் அது. 1937 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்த 1948-இல் மாகாணம் முழுவதும் அது பரவியது. கள்ளின் வருவாய் போனதற்கு ஈடாக 1939-இல் வந்ததுதான் விற்பனை வரி. இதை நன்கு மனத்தில் இருத்துங்கள். மது வேண்டாம் என்பதற்காக, உப்பு முதல் துணி வரை வாங்கும்போது வரி கொடுக்க மக்கள் ஒப்பினார்கள்.

பிறகு நடந்தது என்ன? அண்ணா முதல்வராயிருந்த 1967 முதல் 1969 வரையிலான காலத்திலும் மதுவிலக்கு நீடித்தது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மீண்டும் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றுக் கொண்டது. மதுவுக்கு ஈடாக வந்த வரி நின்றதா? இல்லை, பெயர் மாறிப் பெருகிற்று! வரியும் நம்மிடம், குப்பியும் நம்மிடம்! ஈடு வாங்கிக்கொண்டு அடகுப் பொருளைத் திருப்பாத வட்டிக்கடைக்காரன் செய்யும் வேலை இது.

2023–24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குச் சேர்ந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 125 கோடி. இது எவர் பணம்? ஒரு கொத்தனார் நாளுக்கு 900 ரூபாய் கூலி பெறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 300 ரூபாயைக் கடையில் வைத்தால், மாதம் 25 நாளில் 7,500 ரூபாய். அவர் மனைவிக்கு, 2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத் தொகைத் திட்டத்தின்கீழ் வருவது 1,000 ரூபாய். கணவன் பையிலிருந்து ஏழரை ஆயிரம் எடுத்து, மனைவி கையில் ஓராயிரம் கொடுப்பதற்குப் பெயர் நலத் திட்டமா? உரிமைத் தொகை கூடாதென்று நான் சொல்லவில்லை. அது பெண்ணின் உரிமையே. அவள் வீட்டிலிருந்து பறித்ததைக் கொண்டே அவளுக்கு உரிமை வழங்குவதாகச் சொல்லாதீர்கள் என்கிறேன். மருத்துவமனைச் செலவு, விபத்துச் சாவு, இழந்த கூலி, பள்ளி விட்ட பிள்ளை — இவற்றை எந்த வரவுசெலவுத் திட்டத்தில் செலவுப் பக்கத்தில் எழுதினீர்கள்?

‘மூடினால் கள்ளச்சாராயம்’ என்ற வாதம்

“கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், ஏழைகள் சாவார்கள்” என்பது மூன்றாவது வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும் வாதம். ஆகவே நியாயமாகவே ஆராய்வோம்.

சித்தாமூரிலும் எக்கியார்குப்பத்திலும் 2023-இல் மக்கள் மாண்டபோது அரசுக் கடை மூடியா கிடந்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட கூலி மக்கள் வாழும் அந்தத் தெருக்களில், 65-க்கும் மேற்பட்டோர் பலியானபோது தமிழ்நாட்டில் 4,800-க்கும் அதிகமான கடைகள் திறந்துதானே இருந்தன? திறந்த கடை கள்ளச்சாராயத்தைத் தடுக்கவில்லை. மாறாக, கடை பழக்கிவிட்ட தாகத்தை, கடைச் சரக்கை வாங்கக் கையில் காசில்லாத நாளில் பாக்கெட் சாராயக்காரன் மலிவாகத் தணித்தான். முதல் குப்பியை அரசு விற்றது. கடைசிப் பையைக் கள்ளன் விற்றான்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பீகாரில் 2016-இல் முழு மதுவிலக்கு வந்தது. அங்கே 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயத்தால் பலர் மாண்டனர். ஆகவே, சட்டப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கடையைப் பூட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் சொல்வதில்லை. கடை திறந்திருப்பதாலும் சாவு நிற்கவில்லை. மூடுவதால் மட்டும் சாவு நிற்கவில்லை. அப்படியானால் சாவின் வேர் எங்கே? ஆலையிலிருந்து கணக்கின்றிக் கசியும் மெத்தனாலில். கண்டும் காணாத காவலில். சிகிச்சை கிட்டாத தாகத்தில். அந்தத் தாகத்தைப் பிறப்பிக்கும் வறுமையில். இந்த நான்கு வேரையும் தொடாமல், கடையைத் திறந்து வைத்திருப்பதையே ஏழைக்குச் செய்யும் தொண்டு போலப் பேசுவது கயமை.

கள்ளக்குறிச்சிக்குப் பின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், ஆட்சியர் மாற்றப்பட்டார், ஆயுள் தண்டனை வரை கொடுக்கச் சட்டம் திருத்தப்பட்டது, இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மைய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. இவையெல்லாம் பிணம் விழுந்த பின். ஓராண்டுக்கு முன் மரக்காணத்தில் பிணம் விழுந்தபோதே கற்றிருக்க வேண்டிய பாடத்துக்குக் கருணாபுரம் இரண்டாம் முறை விலை கொடுத்தது.

‘போலீசு பார்த்துக்கொள்ளும்’ என்ற வாதம்

கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் வரும்போது வாதம் மாறுகிறது. இங்கே வருவாய் இல்லை; ஆகவே ‘கடும் நடவடிக்கை’! ஆயிரம் போலீசார், அடுக்குமாடி முற்றுகை, தலை குனிந்த மாணவர்களின் படம். படம் பிடிக்கப்பட்ட பிள்ளை, சங்கிலியின் கடைசிக் கண்ணி. ஆந்திர–ஒடிசா எல்லைக் காட்டிலிருந்து பொத்தேரி வரை அந்தப் பொட்டலம் எத்தனை சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தது? தேயிலை உறையில் கடலில் மிதந்து வந்ததன் உரிமையாளன் யார்? மாத்திரை செய்த ஆலை எது, மொத்த வணிகன் எவன், பட்டியல் எங்கே? இந்தக் கேள்விகளுக்கும் படம் பிடித்துக் காட்டும் நாள் எது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவோர், அதன் 64-ஏ பிரிவைப் படித்ததுண்டா? போதைக்கு அடிமையாகி, அதை உட்கொண்ட குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காப்புப் பெறலாம் என்கிறது அந்தப் பிரிவு. நோயாளியைச் சிறைக்கு அல்ல, மருத்துவமனைக்கு அனுப்பும் வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவை மாணவனுக்குக் காட்டுவோர் இல்லை. சிறைக் கதவைக் காட்டவோ ஆயிரம் பேர்!

பெரு முதலாளி இதே தொழிலைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. பர்டூ என்ற மருந்து நிறுவனம் 1996-இல் ‘ஆக்சிகான்டின்’ என்ற அபின் வகை வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்து, அடிமையாகும் அபாயம் குறைவென்று மருத்துவர்களிடம் பரப்பியது. 2007-லும் 2020-லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டது. பர்டூ திறந்துவிட்ட வழியில் ஹெராயினும் பென்டனிலும் பின்தொடர்ந்தன. 2021-இல் மட்டும் அந்நாட்டில் போதைப்பொருள் அளவு மிஞ்சி இறந்தவர் ஒரு லட்சத்துக்கு மேல். நிறுவனம் கட்டியது அபராதம். மக்கள் கட்டியது கல்லறை. நம் நாட்டுக் கையும் தூயதன்று. டாபென்டடாலும் கரிசோபுரோடாலும் கலந்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் குவிவது செய்தியாளர்களால் அம்பலமான பிறகே, 2025 பிப்ரவரியில் மைய அரசு அதற்குத் தடை போட்டது. அன்று வெள்ளையன் நம் மண்ணின் அபினைச் சீனனுக்கு விற்றான். இன்று நம் முதலாளி தன் ஆலையின் மாத்திரையைக் கானாக்காரனுக்கு விற்றான். தோலின் நிறம் மாறியது. இலாபத்தின் நிறம் மாறவில்லை.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் தெளிவானவை. மதுக்கடைகளை ஆண்டுதோறும் இத்தனை என்று நாள் குறித்துக் குறைக்க வேண்டும். பள்ளி, கல்லூரி, தொழிலாளர் குடியிருப்பு ஆகியவற்றின் அருகிலுள்ளவை முதலில் போக வேண்டும். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. அது தொடர் நடவடிக்கையின் முதல் படியாக வேண்டுமே ஒழிய, விழா அறிவிப்பாக நின்றுவிடக் கூடாது. கடை வேண்டாம் என்று கிராம சபை தீர்மானித்தால் அத்தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். 2017-இல் திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் கடை வேண்டாமென்று மறித்த பெண்ணுக்கு விடையாகக் கிடைத்தது போலீசு அதிகாரியின் அறை. அந்த அவமானம் இன்னும் துடைக்கப்படவில்லை.

மது வருவாயில் ஒரு பங்கைச் சட்டத்தால் ஒதுக்கி, ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் போதை மீட்புப் பிரிவு நடத்த வேண்டும். ஒவ்வொரு லிட்டர் மெத்தனாலுக்கும், ஒவ்வொரு பெட்டி வலி மாத்திரைக்கும் ஆலை முதல் கடை வரை கணக்கு வேண்டும். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளிக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் ஆலோசனை கிடைக்க வேண்டும். நாவலூர் மாளிகைகளைக் கட்டியவன் கொட்டகையில் நாதியற்றுச் சாக அனுமதிப்பது நாகரிகமன்று.

நாம் செய்ய வேண்டியது

அரசை நோக்கி விரல் நீட்டிய நாம், நம் பக்கமும் திரும்பியாக வேண்டும். தேர்தலுக்கு முந்திய இரவில் குப்பி வழங்கும் வழக்கத்தை எந்தக் கட்சி செய்தாலும் அது வாக்காளனை விலைக்கு வாங்கும் இழிவே. நம் கொடியின் கீழ் எவரேனும் அதைச் செய்தால், அவர் நமக்கு நண்பரல்லர். சந்துக்கடை நடத்துவோனுக்கும் அவனுக்காகக் காவல் நிலையத்தில் பரிந்து பேசுவோனுக்கும் நம் கிளையில் உறுப்பினர் அட்டை இருக்கக் கூடாது. கூட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கி கட்டிய இளைஞனுக்குக் கூலியோடு ‘கட்டிங்’ காசு கொடுக்கும் பழக்கம் இன்றோடு ஒழியட்டும். மேடையில் முழங்கிய சொல்லை மேடைக்குப் பின்னால் புதைப்பவனை மக்கள் ஒருநாள் கண்டுகொள்வர்.

உங்கள் தெருவில் குடிக்கு அடிமையானவர் இருந்தால் ‘குடிகாரன்’ என்று எள்ளாதீர்கள். நோயாளி என்று அணுகுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரைத் திடீரென அறையில் பூட்டி நிறுத்தாதீர்கள். வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிரே போகக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. சிகிச்சை முடிந்து வந்தவர் மீண்டும் ஒருமுறை தவறினால் கைவிடாதீர்கள். இந்த நோய் திரும்பத் தாக்கும் இயல்புடையது. அபின் வகை மாத்திரையை விட்டவர் சில வாரம் கழித்துப் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது. மிகுந்த ஆபத்து அப்போதுதான். மூச்சு அடங்கும் நிலையில் கிடப்பவரைக் கண்டால், ஒளிக்காமல் 108-ஐ அழையுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து மருத்துவர் கையில் உண்டு. கள்ளச்சாராயம் குடித்தவர் கண் மங்குகிறது என்றால் ஒரு நொடியும் தாமதம் வேண்டாம். ஆலோசனைக்கு 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண் உண்டு. அதைக் கிளை அலுவலகச் சுவரில் தலைவர் படத்தருகே எழுதி வையுங்கள்.

தோழர்களே! போதையில் கிடப்பவன் உரிமை கேட்பதில்லை. கூலி உயர்வு கேட்பதில்லை. சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. ஆண்ட வெள்ளையனுக்கும், இன்று இலாபம் காணும் முதலாளிக்கும், வருவாயில் கண் வைத்திருக்கும் ஆட்சிக்கும் இது நன்கு தெரியும். தெரிந்து கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். தெளிந்த தலையோடு நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியும், ஒவ்வொரு மாணவனும், சுரண்டுவோனுக்கு ஓர் எதிரி. நமக்கு ஒரு படைவீரன்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் முதல் தீர்மானம் இதுவாக இருக்கட்டும்: உங்கள் ஊரில் எத்தனை கடை, எத்தனை சந்துக்கடை, எத்தனை நோயாளி, அருகிலுள்ள சிகிச்சை நிலையம் எது — இந்த நான்கையும் கணக்கெடுங்கள். கணக்கோடு மக்களிடம் செல்லுங்கள். கணக்கோடு ஆட்சியரின் வாசலில் நில்லுங்கள். போதை யாருக்கு, ஆதாயம் யாருக்கு என்பதை அந்தக் கணக்கே ஊருக்குச் சொல்லிவிடும்.